தொட்டில் கேட்டு வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பேய்ப்படம் எடுக்க டெல்டா பக்கம் பழைய வீடு தேடி வருகிற சினிமாக்காரர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஓடு, முற்றம், தூண், வீட்டு வாடகை எல்லாம் விவரமாக வந்திருந்தது. வீட்டுக்குள் இருக்கிற சாமான்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் சாமான்களோடு பல வருடமாகப் புழங்குகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. முழுவதும் போட இடமில்லை என்றால் தொட்டிலைப் பற்றிய பகுதியை மட்டுமாவது போடுங்கள்.

நான் கும்பகோணத்துக்கும் நாச்சியார்கோவிலுக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில் தச்சுவேலை செய்கிறவன். வயது 61. கதவு, ஜன்னல், கட்டில், ஊஞ்சல் பலகை, கொலுப்படி என்று எது கேட்டாலும் செய்வேன். 2012 வாக்கில் ஒரு படப்பிடிப்பில் ஊஞ்சல் பலகை விரிந்துவிட்டது என்று அவசரமாக வந்து கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஆர்ட் டிபார்ட்மென்ட் பிள்ளைகள் யார் இந்தப் பக்கம் வந்தாலும் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். "அண்ணே, பழைய பெஞ்சு கிடைக்குமா, பித்தளை அண்டா கிடைக்குமா, மரப்பாச்சி கிடைக்குமா" என்பார்கள். அவர்கள் இதையெல்லாம் பிராப்பர்ட்டி என்கிறார்கள். எங்களுக்குச் சாமான்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சீன் வாரியாகப் பட்டியல் வைத்திருப்பார்கள். ஓர் அரிவாள் என்றால் மூன்று வேண்டும். கிட்டத்தில் காட்ட நிஜ இரும்பு, கையில் பிடித்துக்கொண்டு ஓட மரம், சண்டைக்கு ரப்பர். உடைகிற நாற்காலி என்றால் எத்தனை டேக் போகுமோ அத்தனை நாற்காலி. அதற்கு முருங்கைக் கட்டையில் கால் செய்து கொடுத்திருக்கிறேன். லேசாக இடித்தாலே ஒடியும், யாருக்கும் அடிபடாது. எலும்பு கேட்டபோது நெட்டியில் செதுக்கித் தரச் சொன்னேன். தஞ்சாவூரில் கோயில் கோபுரம், கப்பல் என்று நுணுக்கமாகச் செய்கிறார்களே, பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை கட்டுகிறோமே, அதே குளத்து நெட்டிதான். தந்தம் போல வெளுப்பு, எடையே இருக்காது. தேயிலைத் தண்ணீரில் ஒருமுறை தடவி எடுத்தால் மண்ணுக்குள் கிடந்த எலும்பின் நிறம் வந்துவிடும். ஒரு சாமானை எங்கே வைத்தார்கள், எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். ராத்திரி பகலாகத் தூங்காமல் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள்.

ஆனால் பட்டியலின் தலையில் எப்போதும் அந்த நாலு பொருள்தான் இருக்கும். எலுமிச்சம்பழம், குங்குமம், மண்டை ஓடு, சிவப்பு பல்பு. டெல்டாக்காரர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் கடைவாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்திருக்கும். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடக்கும். அதை ஒதுங்கித் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறோம்.

எங்களைப் பயமுறுத்த வேண்டுமானால் பத்தாயத்தைக் காட்டுங்கள். பழைய மிராசு வீடுகளில் இன்றைக்கும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே, பலகை மேல் பலகையாக ஏற்றிய நெல்பெட்டி. உச்சியில் மூடி, அடியில் கையகலத்துக்கு ஒரு வாய். வாய்ப்பலகையை இழுத்தால் நெல் சரசரவென்று கொட்டும். பாதி நெல் இருக்கிற பத்தாயத்தில் எலி புகுந்து வளை பறித்துவிட்டால், ராத்திரியில் உள்ளே நெல் தானாகச் சரியும். ஒருமுறை சரிந்து நிற்கும். வீட்டில் யாரும் அசையாமல் இருந்தால் இன்னொரு முறை சரியும். உள்ளே ஓர் ஆள் படுத்துக்கொண்டு மூச்சை இழுத்து விடுவது போலவே இருக்கும். சிறுவயதில் அப்பா வேலை செய்த வீடுகளில் தங்கும்போது அந்தச் சத்தத்துக்குப் பயந்து போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

இதை ஒருமுறை ஓர் உதவி ஆர்ட் டைரக்டரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. நான்கு மூட்டை நெல் கொட்டி, அடிவாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சவுண்டு எடுக்கிறவர் இரண்டு மணி நேரம் மைக்கைப் பத்தாயத்தின் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் தியேட்டரில் ஒரு இருமல் சத்தம்கூட எழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். மண்டை ஓட்டுக்கு அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

கதவும் அப்படித்தான். பழைய வீட்டுக் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி விட்டு, அது குழிக்குள் சுழலும். குடுமி காய்ந்துவிட்டால் முனகும். ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் அடங்கிவிடும். சினிமாவுக்கு முனக வேண்டும் என்றால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் குங்கிலியப் பொடியைத் தூவுவேன். ஆனால் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று முதலில் கேட்பேன். சித்திரையில் மரம் வற்றி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிப் பருத்து, கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். மழை கொட்டுகிற காட்சியில் கதவு தானாக ஆடித் திறந்தால் எங்கள் பக்கத்து ஜனம் நம்பாது. அந்த மழையில் அந்தக் கதவு திறக்கவே திறக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண் எவ்வளவு இழுத்தாலும் வராது. அதுதானே பயம்? இதைச் சொன்னால் சில பேர் எழுதிக்கொள்கிறார்கள். சில பேர், "ஸ்கிரிப்ட்ல அப்படி இல்லண்ணே" என்கிறார்கள்.

ஒரு சாமானைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது தேய்மானத்தை. அம்மி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் மேடாக நிற்கும். அரிவாள்மணையில் பாதம் ஊன்றி அழுத்துகிற இடம் மட்டும் வழவழவென்று இருக்கும், வெட்டுகிற பக்கம் கறை ஏறியிருக்கும். ஊஞ்சல் சங்கிலியை எடுத்துப் பாருங்கள். வளையத்தோடு வளையம் உரசுகிற இடம் மட்டும் பாதியாக மெலிந்திருக்கும், மற்ற இடம் தடிமனாகவே இருக்கும். ஐம்பது வருடம் மாமியாரும் மருமகளும் மத்தியானத்தில் ஆடிய ஊஞ்சல் அது. கடையில் புதிது வாங்கி, கறுப்பு அடித்து, மேலே முல்தானி மண்ணை ஊதி, ரப்பர் கரைசலில் ஒட்டடை கட்டினால் அழுக்கு தெரியும், வயசு தெரியாது. வயசு சீராக ஏறாது, கை பட்ட இடத்தில்தான் ஏறும்.

புதுப் பலகையைப் பழசாக்க வேண்டி வந்தால் நான் பெர்மாங்கனேட் கரைத்துப் பூசுவேன். பூசியதும் மரம் ஊதாவாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகத் திரும்பும். அது சுலபம். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருப்பேன். கை எங்கே ஊன்றுகிறது, குதிகால் எங்கே இடிக்கிறது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து நல்லெண்ணெய் தடவுவேன். அப்போதுதான் அந்த நாற்காலியில் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்று பார்க்கிறவருக்குத் தோன்றும்.

தலையாட்டி பொம்மையும் அடிக்கடி கேட்கிறார்கள். தஞ்சாவூர் பொம்மையைப் பேயாக்க நூல் கட்டி இழுக்க வேண்டியதில்லை, கண்ணைச் சிவப்பாக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் மேற்கு ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். காற்று வரும்போது தலை ஆடும். காற்று நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுக்காது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு வாங்கியது. பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பொருத்துகிறார்கள். அந்தத் தெருவில் நடந்து போனால் பித்தளை கடைகிற சத்தம் காதில் விழும். ஒரு படத்தில் சாவு வீட்டில், பிணத்தின் தலைமாட்டில் அந்த விளக்கை வைத்து ஐந்து முகமும் ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் தலைமாட்டில் ஒற்றைத் திரிதான் எரியும். கும்பகோணத்தில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது பின்வரிசையில் ஒரு அம்மா, "சாவு வூட்டுல அஞ்சு முகம் ஏத்தியிருக்காங்க பாரு" என்று மகளிடம் சொன்னார். அதோடு அந்த வரிசைக்கே படம் விட்டுப்போயிற்று. எத்தனை திரி போட வேண்டும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, ஓலைச்சுவடி. மாந்திரீகக் கதை என்றால் சுவடி கேட்காத குழு இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது நிஜச் சுவடி இருக்குமா என்று விசாரிப்பார்கள். இருந்தாலும் கொடுக்காதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். விளக்குச் சூட்டில் அரை மணி நேரம் பிரித்துப் பிடித்தால் ஓலை நொறுங்கிவிடும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த சிலையும் சிற்பமும், எழுபத்தைந்து வருடம் கடந்த மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள். வண்டியில் ஏற்றி வாடகைக்கு அனுப்புகிற சரக்கு அல்ல. படத்துக்குப் புதிதாகவே செய்துகொள்ளலாம். பனையோலையை வேகவைத்து நிழலில் காயவைத்து, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். பத்து ஓலைக்கு இரண்டு நாள் வேலை.

பழைய பொருள் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள் என்று அந்தக் கட்டுரையில் ஒரு இயக்குநர் குறைப்பட்டிருந்தார். காரணம் இருக்கிறது ஐயா. எங்கள் டெல்டாவில் உள்ள பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் சிலை கடல் கடந்து லண்டன் போய், அங்கே நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல்தான் திரும்பியது. அதற்குப் பிறகும் எத்தனை கோயில்களில் சாமியைக் காணோம்! போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரையும் ஜனம் சந்தேகப்படத்தான் செய்யும். சிலை வேண்டுமென்றால் ஃபைபரில் அச்சு எடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஊர் எல்லை ஐயனாரின் மண்குதிரையையும், குலதெய்வத்தின் சூலத்தையும் பேய்க்கு அடையாளமாக வைக்காதீர்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் அந்தக் குதிரையைப் பார்த்தால் தைரியமாகிறான். அவனுக்கு அது காவல்.

இப்போது தொட்டில்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது 78. அவர் வீட்டு மரத்தொட்டில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்றது. பலாமரம், தஞ்சாவூர் வீணைக்குக் கடைகிற அதே மரம். புதிதில் பலா மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகச் சிவந்து பழுக்கும். அந்தத் தொட்டில் நன்றாகப் பழுத்த நிறம். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கடைசல் கம்பிகள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிளி, உத்தரத்தில் மாட்ட நான்கு பித்தளைச் சங்கிலி. பெரியம்மாவின் வீட்டுக்காரரைப் போட்ட தொட்டில் அது. அவருடைய நான்கு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பிறகு ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் முதலில் படுத்தன. பெரியம்மா யார் கேட்டாலும் கொடுப்பார், தெரு பார்த்ததில்லை. காலனித் தெருவிலிருந்து வந்து தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டி, பிறகு பிள்ளையைப் போட்டுத் தாலாட்டு பாடி, பெயர் வைத்து, சில மாதம் கழித்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் பெரியம்மா ஒரு காரியம் செய்வார். தொட்டிலைக் கவிழ்த்து, அடிப்பலகையின் கீழ்ப்புறத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு பொட்டு. 1994இல் அடிப்பலகை தளர்ந்துவிட்டது என்று என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கவிழ்த்துப் போட்டபோதுதான் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பொட்டு. ஓரத்தில் இருந்தவை மங்கிப்போய் மரத்தோடு மரமாகியிருந்தன, கடைசியில் வைத்தது பளிச்சென்று இருந்தது. எண்ணினேன், 31. பெரியம்மாவின் மாமியார் ஆரம்பித்த பழக்கமாம். அந்தப் பொட்டுகள் மேல் உளி படக் கூடாதென்று பலகையை மாற்றாமல், பக்கத்தில் ரீப்பர் கொடுத்து ஆணி அடித்தேன். மூன்று வருடம் கழித்து என் மகளுக்கும் அதில் ஒரு பொட்டு வந்தது.

பிள்ளை இல்லாத நேரத்தில் அந்தத் தொட்டிலை ஆட்டினால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். "வெறுந்தொட்டில ஆட்டாதீங்கடா, பிள்ளைக்கு ஆகாது" என்று பசங்களை அதட்டுவார். கொடுக்காத நாட்களில் சங்கிலியைக் கழற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மச்சில் ஏற்றிவைப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழு வந்தது. எந்தக் கம்பெனி, எந்தப் படம் என்று எழுதப்போவதில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் பட்டறையில் உட்கார்ந்து, "அண்ணே, பழைய மரத்தொட்டில் ஒன்னு வேணும், டூப்ளிகேட் வேணாம், நெஜமாவே பழசா இருக்கணும்" என்றான். எனக்குப் பெரியம்மா வீட்டுத் தொட்டில் ஞாபகம் வந்தது. நானே கூட்டிக்கொண்டு போனேன். "என்ன படம்ப்பா?" என்று பெரியம்மா கேட்டார். "பழைய காலத்துக் குடும்பக் கதை பெரியம்மா" என்றேன். பேய்ப்படம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொய் என்னுடையது. இந்தக் கடிதத்தை எழுத அதுவும் ஒரு காரணம். பெயின்ட் அடிக்கக் கூடாது, கம்பியில் கை வைக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லித்தான் கொடுத்தேன். அவனும் தலையாட்டினான். நல்ல பிள்ளைதான்.

படப்பிடிப்பு ராத்திரியில். நான் அன்று ஊரில் இல்லை, திருவாரூரில் ஒரு வீட்டு வேலை. நடந்ததைப் பிறகு அந்தப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீல வெளிச்சம் போட்டபோது பலாமரத்தின் சிவப்பு தனியாக எடுத்துக் காட்டியதாம், வேறு ஆட்களை வைத்துக் கறுப்பு அடித்துவிட்டார்கள். கிளிகளைத் தீ ஊதிக் கருக்கினார்கள். கேமராவைத் தரையில் வைத்து, ஆடுகிற தொட்டிலின் அடிப்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஷாட். மேலே புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது, இடைஞ்சல் என்று மெஷினைப் போட்டு அடிப்பலகையை இழைத்துவிட்டார்கள். பிறகு கறுப்பு. பிறகு தூண்டில் நரம்பைக் கட்டி, வெறுந்தொட்டிலை ராத்திரி பூராவும் ஆட்டினார்கள்.

எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். பழசாக இருக்கிறது என்பதற்காகத்தான் அந்தத் தொட்டிலைத் தேடி வந்தார்கள். அந்தப் பழசு முழுதும் அந்தப் பொட்டுகளில் இருந்தது. ஒரு வீட்டில், இருட்டில், தொட்டிலுக்கு அடியில் வெளிச்சம் பிடித்தால் நாற்பது ஐம்பது மஞ்சள் பொட்டு தெரிகிறது. யார் வைத்தது, எதற்கு வைத்தது, ஏன் ஒரு வரிசை பாதியில் நிற்கிறது என்று பார்க்கிறவன் மனசு தானாக ஓடும். எந்த ஆர்ட் டைரக்டர் உட்கார்ந்து யோசித்தாலும் அதைச் செய்ய முடியாது. கையில் வந்ததை என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் இழைத்துத் தள்ளிவிட்டு, கடையில் எங்கேயும் கிடைக்கிற கறுப்பு பெயின்ட்டைப் பூசினார்கள்.

தார்ப்பாயில் சுற்றி, டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரியம்மா சத்தம் போடவில்லை. திண்ணையில் வைத்து மெல்லக் கவிழ்த்தார். கையால் தடவிப் பார்த்தார். "பொட்டெல்லாம் எங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்? கம்பெனியிலிருந்து வாடகை ஐந்தாயிரமும், சேதத்துக்கு இன்னொரு பத்தாயிரமும் கொடுத்தார்கள். பணத்தில் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கவர் பெரியம்மாவின் சாமி அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது.

அடுத்த பொங்கல் கழித்துப் படம் வந்தது. போஸ்டரிலேயே தொட்டில். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு சுவர் நிறைய அது ஆடிக்கொண்டிருப்பது போல ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருப் பசங்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள். கிளியின் மூக்கு உடைந்த இடம் போதும் அவர்களுக்கு. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் தொட்டிலை ஒருவரும் கேட்டு வரவில்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்த ஒரு பெண் மட்டும் என்னிடம், "கேக்கணும்னுதாண்ணே இருந்தேன், எங்க மாமியார் வேணாம்னுட்டாங்க" என்றாள். கும்பகோணத்தில் ஸ்டீல் தொட்டில் வாங்கி வந்தார்கள்.

நான் அந்தத் தொட்டிலைப் பட்டறைக்குத் தூக்கிவந்து, பதினொரு நாள் உட்கார்ந்து பெயின்ட்டைச் சுரண்டினேன். கடைசலில் கறுப்பு போய் அடைந்திருந்தது. நூலைச் சுற்றி இழுத்து இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. ஆறு கம்பி கருகிவிட்டதால் புதிதாகக் கடைந்து போட்டேன். அவை இன்னும் மஞ்சளாக இருக்கின்றன, மற்றவற்றின் நிறத்துக்கு வர இருபது வருடம் ஆகும். அடிப்பலகையில் மரத்தின் ரேகை மட்டும் தெரிகிறது. பெரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "யாராச்சும் கேட்டாங்களா தம்பி?" என்கிறார்.

சினிமா எடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அண்டா, பெஞ்சு, பெட்டி, மரக்கால், ஊஞ்சல் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் ஜனம் கொடுக்கும், காப்பியும் கொடுக்கும். ஆனால் பிறப்பு, கல்யாணம், சாவு, சாமி இந்த நான்குக்கும் புழங்குகிற பொருளை வாடகைக்கு எடுக்காதீர்கள், செய்துகொள்ளுங்கள். இறந்தவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். என்ன கதை என்பதை வீட்டுக்காரரிடம் உள்ளபடி சொல்லுங்கள். இது யார் புழங்கியது, எதற்கு என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் படத்துக்கு வேண்டியதும் கிடைக்கும். எடுக்கும்போது நாலு பக்கமும், அடிப்பக்கமும் போட்டோ எடுத்து ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். நிறம் மாற்ற வேண்டும், கருக்க வேண்டும் என்றால் அசலில் கை வைக்காதீர்கள். கொடுக்கிற வீட்டுக்காரர்களும் கூச்சப்படாமல், என்ன படம், என்ன செய்வீர்கள் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இது எட்டாம் மாதம். தை பிறந்ததும் குழந்தை பிறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியம்மா வீட்டுத் தொட்டிலைத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சம்பந்தி வீட்டில் யோசிக்கிறார்கள். மகள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பேய்ப்படத்துக்குத் தொட்டில் வேண்டும் என்று இனி யாராவது டெல்டாவுக்கு வந்தால், பூவரசில் ஆறு நாளில் நான் செய்து தருகிறேன். கடைசல் கம்பி, கிளி, சங்கிலி எல்லாம் உண்டு. எந்த வயசு வேண்டுமோ அந்த வயசை ஏற்றித் தருகிறேன். கறுப்பு அடித்தாலும் எரித்தாலும் கேட்க மாட்டேன். பத்து நாள் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.